பழைய ஜோடி, புது ஜோடி

அத்தியாயம் 11

அந்த வியாழக்கிழமையைப் பற்றித் தங்கை இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது. ஒரு தடவை மழை தூறிக்கொண்டிருந்தது என்றாள். இன்னொரு தடவை கண் கூசும் வெயில் என்றாள். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் வாயைத் திறந்தது அண்ணியா அண்ணனா என்பதும் அவளுக்கு இப்போது நிச்சயமில்லை. அவள் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்காவது பிசகு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் செயற்கைப் பல் செய்கிறவன். ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒரே அறைதான் அவனுடைய லேப். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சுகளுக்கு மெழுகில் பல் வரிசை பிடித்து, பீங்கானை அடுப்பில் சுட்டு, மெருகேற்றிக் கொடுப்பது அவன் வேலை. பிளாஸ்டர் கலப்பதும், கரடு முரடை ராவி எடுப்பதும் அண்ணியின் வேலை.

"இந்த ஊர்ல பாதிப் பேர் நம்ம பல்லைக் காட்டித்தான் சிரிக்கறாங்க," என்பான் அண்ணன், புதிதாக யார் வந்தாலும்.

"கடிக்கறதும் நம்ம பல்லாலதான். அதையும் சொல்லுங்க," என்பாள் அண்ணி.

இருமல் என்று டாக்டரிடம் போனவனுக்கு நுரையீரலில் புற்று என்றும், அது எலும்பு வரை பரவிவிட்டது என்றும் தெரிந்த கதையை முன்பே பார்த்தோம். மாத்திரையிலேயே சமாளிக்கும் வகையும் இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டது. இனிக் குணப்படுத்த முடியாது. கீமோ கொடுத்துத் தள்ளிப்போடலாம்.

முதலில் கொடுக்கும் கீமோவில் இரண்டு வழி இருந்தது. இரண்டிலும் இரண்டிரண்டு மருந்து. தங்கையின் அலுவலகத்தில் அவற்றுக்குப் 'பழைய ஜோடி', 'புது ஜோடி' என்று செல்லப்பெயரே உண்டு. பழைய ஜோடியை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக ஏற்றுவார்கள். அதில் முடி கொட்டும். விரல் நுனிகள் மரத்துப்போகும். புது ஜோடி விரல்களை விட்டுவிடும். சராசரியாக ஒன்றரை மாதம் கூடுதலாகவும் கொடுக்கும். ஆனால் வெளியில் வாங்க வேண்டும். விலை பல மடங்கு.

ஏன் பழையது மட்டும் இலவசம்? எந்த மருந்துக்குக் கொடுக்கும் காசு எவ்வளவு ஆயுளை, எவ்வளவு நல்ல ஆயுளை வாங்கித் தருகிறது என்று கணக்குப் பார்க்கிற அலுவலகம் ஒன்று இருக்கிறது. அந்த ஒன்றரை மாதத்துக்கு இந்த விலை தகாது, அதே காசில் பழைய ஜோடியை இன்னும் எத்தனையோ பேருக்குக் கொடுக்கலாம் என்று அது அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையை எழுதியவர்களில் முதல் பெயர் தங்கையுடையது.

அது அண்ணிக்குத் தெரிந்தது புதன்கிழமை சாயங்காலம்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வழக்கம்போல நடுவில் உட்காரவில்லை. அண்ணனை நடுவில் விட்டுவிட்டாள்.

"நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிடலாம்," என்றார் டாக்டர். "எதுன்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

"இதுல சொல்ல என்ன இருக்கு டாக்டர்? பழசே இருக்கட்டும். முடி போனா சீப்புச் செலவு மிச்சம்."

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல பெண்மணி. சிரித்து வைக்கலாமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நீங்க கைவேலை செய்யறவர். விரல் மரத்துப்போனா வேலை கஷ்டம்."

"திரும்ப வந்துடுமில்ல?"

"சில பேருக்கு வரும். மாசக்கணக்கா ஆகலாம்."

அண்ணன் தலையாட்டினான். தன்னிடம் எத்தனை மாதம் இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. மேஜை மேலிருந்த பேனாவை அவன் விரல்களுக்கிடையில் ஒரு சுற்று உருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

வெளியே வந்ததும் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்க அவன் வரிசையில் நின்றான். அண்ணி தங்கையை ஜன்னலோரம் இழுத்தாள். நேற்றிலிருந்து இருவரும் பேசவில்லை.

"உங்க கணக்குல விரலுக்கு எத்தனை மார்க்?"

"அண்ணி…"

"சொல்லு. போட்டிருப்பீங்கல்ல?"

"கழிச்சிருக்கோம். விரல் மரத்துப்போறதுக்குன்னு தனியா கழிச்சிருக்கோம்."

"எவ்வளவு?"

தங்கைக்கு அந்த எண் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். "கொஞ்சம்," என்றாள்.

"யாரைக் கேட்டுக் கழிச்சீங்க?"

"வியாதி இல்லாதவங்களை. விதிமுறை அப்படி அண்ணி. எல்லா ஊர்லயும் அப்படித்தான். வரி கட்டற ஜனங்க அபிப்பிராயம்னு…"

"தன் சட்டைக்குத் தானே பட்டன் போட்டுக்கறவன்கிட்ட போய், பட்டன் போட முடியலன்னா எப்படி இருக்கும்னு கேட்டீங்க. அவனும் 'கொஞ்சம் கஷ்டமா இருக்கும்'னான். நீங்களும் கொஞ்சம் கழிச்சீங்க." அண்ணியின் குரல் உயரவில்லை. அதுதான் தங்கைக்குப் பயமாக இருந்தது. "சரி விடு. அது முடிஞ்சுபோன கதை. இப்ப எனக்கு ஒரு உதவி பண்ணு. உனக்குக் கேக்கத் தெரியுமில்ல? உங்க அண்ணன்கிட்ட கேளு."

"என்ன கேக்கணும்?"

"எது வேணும்னு. நான் கேட்டா ஜோக்கடிச்சே நழுவிடறாரு. பெரிய லேப்காரர் பன்னெண்டு மணிக்கு வராரு, அடுப்பையும் இடத்தையும் விலை பேசி முடிக்க. இவருக்குப் புதுசு வேணும்னா இன்னிக்கே வித்துடறேன். வேணாம்னா அந்த லேப்ல ஒரு திருகாணியைக் கழட்ட விடமாட்டேன். அவர் மனசு தெரியாம எதையும் செய்ய மாட்டேன். எனக்காக நல்லவர் வேஷம் போடாம, அவருக்குன்னு என்ன வேணும்? அதைக் கண்டுபிடி. போன் பண்ணு."

அண்ணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். வரிசையில் நின்ற அண்ணனிடம் "லேப்ல வேலை இருக்கு" என்று மட்டும் சொன்னது கேட்டது.

ரத்தம் எடுக்கும் இடம் மேல் மாடியில் இருந்தது. லிஃப்டுக்கு முன்னால் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன.

"இதுக்கு நிக்கற நேரத்துல ஏறிடலாம் வா," என்றான் அண்ணன்.

"வேணாம்ணா."

"ஏ கணக்கு, நான் இன்னும் பேஷண்ட் ஆகல. நாளைக்குத்தான்."

ஏறினார்கள். அவன் கைப்பிடியைத் தொடவில்லை. மேலே ஒரு பெஞ்சில் இடம் கிடைத்தது. எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதற்குக் கீழே யாரோ விட்டுப்போன குடை.

தங்கை கேட்கத் தெரிந்தவள்தான். அவளுடைய அலுவலகத்தில் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. 'உனக்கு என்ன வேண்டும்' என்று யாரிடமும் நேராகக் கேட்க மாட்டார்கள். நேராகக் கேட்டால் மனிதர்கள் மரியாதைக்குப் பதில் சொல்வார்கள். அதனால் ஒரு கோடியிலிருந்து ஒரு கேள்வி, மறு கோடியிலிருந்து ஒரு கேள்வி, மறுபடி இந்தக் கோடி, மறுபடி அந்தக் கோடி என்று இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். பதில்கள் முதலில் டக் டக்கென்று வரும். பிறகு ஓரிடத்தில் ஆள் நின்றுவிடுவார். இதுவா அதுவா என்று சொல்ல முடியாமல் மௌனமாகிவிடுவார். அந்த மௌனம்தான் விடை. அதற்கு 'நின்ற இடம்' என்று பெயர். அந்த நேரத்தில் கேட்பவர் இருமக்கூடக் கூடாது. தங்கை பயிற்சி எடுத்த காலத்தில் மற்றவர்களெல்லாம் அந்த மௌனத்தில் தவித்துப்போய் ஏதாவது பேசிக் கெடுத்துவிடுவார்கள். அவளுக்கு அது கஷ்டமாகவே இருந்ததில்லை. சின்ன வயதிலிருந்தே மௌனம் அவளுக்குச் சொந்த வீடு மாதிரி.

"அண்ணா, சும்மா வெச்சுக்கோ. புது ஜோடி எடுத்தா லேப் போயிடும். அதுக்குப் பதிலா ஒரு வருஷம் கூடக் கிடைக்கும்னா?"

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "பரீட்சையா? நீ குரலை மாத்தும்போதே நெனச்சேன். நியூஸ் வாசிக்கற மாதிரி ஆயிடுது."

"சொல்லேன்."

"ஒரு வருஷம்னா யார் விடுவா? புதுசு."

"ஒரே ஒரு நாள் கூடக் கிடைக்கும்னா?"

"ஒரு நாளைக்கு லேப்பை விப்பாங்களா? பழசு."

"ஆறு மாசம்?"

"புதுசு."

"மூணு நாள்?"

"பழசு."

"மூணு மாசம்?"

"ம்… புதுசு."

"ரெண்டு வாரம்?"

அண்ணன் பேசவில்லை.

எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தான். வாய் மூடியிருந்தது. முகம் அப்படியே நிலைத்துவிட்டது. அந்த முகம் தங்கைக்கு நன்றாகத் தெரிந்த முகம். மெழுகில் பல்லின் விளிம்பைச் சீவும்போது அவனுக்கு வரும் முகம் அது. கை ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள்வான். உலகமே இடிந்து விழுந்தாலும் கண்ணெடுக்க மாட்டான். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்து எத்தனையோ சாயங்காலங்கள் அவள் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறாள். அண்ணன் யோசிக்கிறான் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே அடையாளம் அதுதான்.

அவள் அசையவில்லை. கடிகாரத்தையும் பார்க்கவில்லை. யாரோ நடந்து போனார்கள். உள்ளே ஒரு குழந்தை ஊசிக்கு அழுது ஓய்ந்தது. அண்ணன் இன்னும் பேசவில்லை.

இரண்டு வாரம், என்று அவள் மனதில் குறித்துக்கொண்டாள். இரண்டு வாரத்திலேயே நின்றுவிட்டான். புது ஜோடி தருவதோ ஒன்றரை மாதம். அப்படியென்றால் சந்தேகமே இல்லை. அவனுக்குப் புதுசு வேண்டும். லேப்பை விற்றாவது வேண்டும். வாயால் சொல்லத்தான் மாட்டான்.



"அடுத்து!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அண்ணன் வாயைத் திறந்தான்.

"போதும்ணா. நீ போ, கூப்பிடறாங்க," என்று அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் எழுந்து உள்ளே போனான். அவள் போனை எடுத்தாள்.

"அண்ணி, புதுசுதான்."

அந்தப் பக்கம் வண்டிச் சத்தம். "அவரே சொன்னாரா?"

"சொன்ன மாதிரிதான்."

"சொன்ன மாதிரின்னா?"

"எனக்குத் தெரியும் அண்ணி. இது என் வேலை."

அண்ணி, "சரி, அவர்கிட்ட இப்போதைக்குச் சொல்லாத. தடுப்பாரு," என்றாள். பிறகு யார் முதலில் போனை வைத்தது என்று தங்கைக்கு ஞாபகமில்லை.

அண்ணனும் தங்கையும் லேப் கட்டடத்தை அடைந்தபோது படிக்கட்டின் திருப்பத்தில் இரண்டு ஆட்கள் பீங்கான் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் சுவரோடு ஒட்டி வழிவிட்டான்.

"சாய்க்காதீங்கப்பா. உள்ள தட்டு இருக்கு. வெடிச்சா வேற கிடைக்காது," என்றான்.

யாருடைய அடுப்பு என்று கேட்கவில்லை. ஒரு மாடி ஏறி நின்றான். மறு மாடி ஏறி நின்றான். லேப்புக்குள் போய்த் தன் முக்காலியில் உட்கார்ந்தான். அடுப்பு இருந்த இடத்தில், மேஜைப் பலகையில், நாலு காலின் தடங்களும் பிசிறில்லாமல் வெள்ளையாக இருந்தன.

பெரிய லேப்காரர் எழுந்து நின்றார். அவருக்கும் இந்த நிலைமை பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. "என்னைத் தப்பா நெனச்சுக்காதப்பா."

"உங்களை ஏன்ணே?" அண்ணன் மனைவியைப் பார்த்தான். "யார் சொல்லி?"

"நீங்க சொல்லி," என்றாள் அண்ணி.

"நான் எப்ப சொன்னேன்?"

அண்ணி தங்கையைப் பார்த்தாள்.

"ரெண்டு வாரம்னு கேட்டேன்ல அண்ணா," என்றாள் தங்கை. "நீ நின்னுட்ட. பதிலே சொல்லல. அவ்வளவு நேரம்…"

அண்ணன் அவளைப் புரியாமல் பார்த்தான். பிறகு அவனுக்குப் புரிந்தது. அவன் முகத்தில் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"படி ஏறி வந்தேன்டி," என்றான் மெதுவாக. "நீ பாட்டுக்குக் கேள்வி மேல கேள்வி கேட்ட. மூச்சு வாங்கிச்சு. வாயைத் திறந்தா இருமல் வந்துடும், நீ பயந்துடுவேன்னு அடக்கிட்டு உக்காந்திருந்தேன். அது சமாதானமானதும் பழசுன்னு சொல்ல வந்தேன். போதும் போன்னுட்ட."

யாரும் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தை எப்படி வாசிப்பது என்று தங்கைக்குத் தெரியவில்லை.

பெரிய லேப்காரர்தான் முதலில் பேசினார். "வண்டி இன்னும் கிளம்பல அம்மா. வேணாம்னா சொல்லுங்க, மேல ஏத்திடச் சொல்றேன். இப்படி மனசில்லாம கொடுக்கற சாமான் எனக்கு விளங்காது."

"ஏத்திடுங்கண்ணே," என்றான் அண்ணன். "என் விரல் மரத்தா மரத்துட்டுப் போகுது. இவளுக்கு இந்த லேப் இருக்கும். ஒரு பையனைச் சம்பளத்துக்கு வெச்சுக்கிட்டா ஓடிடும். நான் எல்லாம் யோசிச்சுட்டேன்."

"இறக்கினது இறக்கினதா இருக்கட்டும்," என்றாள் அண்ணி.

"ஏம்மா, நான் சொல்றதைக் கேளு…"

"எல்லாத்தையும் யோசிச்சீங்க. எனக்கு இது வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அண்ணன் விழித்தான்.

"பதினெட்டு வருஷமா இந்தத் தூசியை உங்களோட சேர்ந்து நானும்தான் முழுங்கியிருக்கேன். இதாலதான் உங்களுக்கு வந்துச்சா, இல்லையா, டாக்டருக்கே தெரியல. நீங்க போனப்புறம் இந்தத் தூசிக்குள்ள தனியா உக்காந்து நான் ஊருக்குப் பல் ராவணுமா? இதுதான் நீங்க எனக்கு விட்டுட்டுப் போற சொத்தா?" அவள் மூச்சு இழுத்துக்கொண்டாள். "எனக்கு நீங்க வேணும். ஒன்றரை மாசம்னா ஒன்றரை மாசம். இல்லாட்டியும் பரவாயில்ல. காலைல உங்க சட்டைக்கு நீங்களே பட்டன் போட்டுக்கிட்டு, 'டீ எங்க'ன்னு கத்தணும். அதுக்கு விலை என்னன்னு இவங்க ஆபீஸ்ல கேக்க வேணாம். நான் கொடுக்கறேன்."

பெரிய லேப்காரர் வெளி வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அண்ணன் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்தான். நகக்கண்ணில் மெழுகு இருந்தது. சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"பட்டனுக்காக லேப்பை வித்த முதல் ஆளு நீதான்," என்றான்.

"இருந்துட்டுப் போறேன்."

"சரி," என்றான் அண்ணன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவன் இருமினான். அடக்கவில்லை. அண்ணி அவன் முதுகில் கை வைத்தபடி நின்றாள்.

தங்கை கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொன்னாலும் அது கேள்வியாக வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"அண்ணி, நான் செஞ்சது தப்பு. அவன் மூச்சு வாங்கறான்னு எனக்குத் தோணல."

"அது போகட்டும். யாருக்கும் தோணாது. மறைக்கறதுல அவர் கெட்டிக்காரர்." அண்ணி திரும்பவில்லை. "அறிக்கை எழுதினப்ப வியாதி இல்லாதவங்களைக் கேட்டீங்க. இன்னிக்கு வியாதிக்காரரைக் கேட்ட. பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டிருக்கறவளைக் கேக்கணும்னு உனக்கு அப்பவும் தோணல, இப்பவும் தோணல. இல்ல?"

தங்கை பதில் சொல்லவில்லை.

"நின்னுட்ட," என்றாள் அண்ணி. "இதை எப்படி எழுதிக்குவ?"

தங்கை படியிறங்கினாள். கீழே வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் போட்டு, "புது ஜோடி" என்று சொன்னாள். டாக்டருக்குப் புரியவில்லை. அது அலுவலகத்துச் சொல் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மருந்துகளின் முழுப் பெயர்களைச் சொன்னாள்.

அடுப்பு பெரிய லேப்காரரின் இடத்துக்குப் போய்விட்டது. லேப் அறையை அவரிடமிருந்து ஒரு தையற்காரர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். அண்ணன் வெள்ளிக்கிழமை காலை முதல் தவணையை ஏற்றிக்கொண்டான். வாந்தி எடுத்தான், படுத்துக் கிடந்தான், பிறகு எழுந்து சாப்பிட்டான். அவன் விரல்கள் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு வேலைதான் இல்லை. ஒன்றரை மாதம் என்பது எத்தனையோ பேரின் சராசரி. அதில் அவன் பங்கு எவ்வளவு என்று சொல்ல எந்த அலுவலகத்தாலும் முடியாது. நோயாளியையும் கூட இருப்பவரையும் கேட்டுக் கணக்கைத் திரும்பப் போட வேண்டும் என்று தங்கை இயக்குநரிடம் சொன்னாள். 'பார்க்கலாம்' என்றார் அவர். அறிக்கை மாறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருப்பவருக்கு இன்றும் பழைய ஜோடிதான் ஏறுகிறது. அண்ணி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கேட்டிருக்கிறாள். பதில் வரவில்லை. தங்கையிடம் அவள் பேசுவதில்லை. இரண்டாம் தவணைக்குத் தானே அழைத்துப் போவதாகவும், தங்கை வர வேண்டாம் என்றும் அண்ணன் மூலமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.